மாஸ்டரை வேலை செய்ய விடுங்கள்

நம் இசைப்பள்ளியின் கிட்டார் மாஸ்டர் போன மாதம் வேலையை விட்டுவிட்டார். சொந்தக் காரணம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்காக மாடிப்படியில் காத்து நிற்கிற நம் எல்லோருக்கும் உண்மைக் காரணம் தெரியும். பிப்ரவரியிலேயே அவரிடம் படித்த பிள்ளைகளில் பாதிப் பேரை நிறுத்திவிட்டோம். "எக்ஸாம் முடியட்டும் மாஸ்டர், ஜூன்ல வந்துடறோம்" என்றோம். அவருக்கு வகுப்புக் கணக்கில்தான் சம்பளம். பிள்ளை வராத வகுப்புக்குக் காசு கிடையாது. நம் பிள்ளைகள் ஜூனில் வருவார்கள் என்பதற்காக அவர் வீட்டு ஓனர் வாடகையை ஜூன் வரை தள்ளி வைப்பாரா?

இதே வாசலில் இப்படிப் போன மூன்றாவது ஆசிரியர் அவர். ஒவ்வொரு முறையும் "நல்ல மனுஷன், பாவம்" என்று சொல்லிவிட்டு, "அடுத்து யார் வர்றாங்களாம்?" என்று கேட்கிறோம். எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பெரம்பூர், வியாசர்பாடி, புளியந்தோப்புப் பிள்ளைகளுக்கு நடந்து போகிற தூரத்தில், கட்டக்கூடிய ஃபீஸில், பாட்டும் வாத்தியமும் ஒலிப்பதிவும் ஒரே மாடியில் கற்றுத் தருகிற இடம் இது ஒன்றுதான். சமுதாயக் கூடத்தின் மேல் இரண்டு வகுப்பறை, முட்டுச் சந்துப் பக்கம் ஜன்னலை அடைத்துப் பழைய மெத்தையும் கம்பளியும் அறைந்து செய்த ஒரு ரெக்கார்டிங் அறை. அவ்வளவுதான் கட்டடம். பள்ளி என்று நாம் சொல்வதெல்லாம் அங்கே வருகிற ஐந்தாறு ஆசிரியர்களை. அவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

வயலின் மாஸ்டர் சினிமாவில் வாசித்தவர். நாற்பது ஐம்பது வயலின்கள் ஒரே ஹாலில் வரிசையாக உட்கார்ந்து, நொடேஷனை முன்னால் வைத்துக்கொண்டு, கண்டக்டர் கை அசைந்ததும் ஒரே வில்லாக இழுத்த காலத்து ஆள். காலையில் கொடுத்த தாளை மதியத்துக்குள் பிசகில்லாமல் வாசித்துப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். 1992ல் 'ரோஜா' வந்தது. அதற்குப் பின் சின்தசைசரும் கம்ப்யூட்டரும் சாம்பிளும் ஒவ்வொரு இசையமைப்பாளரின் அறைக்குள்ளும் நுழைந்தன. ஹால் நிறைய ஆட்கள் வாசித்ததில் பெரும்பகுதியை ஒரே கீபோர்டு செய்ய ஆரம்பித்தது. கோடம்பாக்கம், வடபழனி பக்கம் வேலை குறைந்துபோன வாத்தியக்காரர்கள் கல்யாண ரிசப்ஷனுக்குப் போனார்கள், சர்ச்சுக்குப் போனார்கள், வீடு வீடாகச் சொல்லிக்கொடுக்கப் போனார்கள். அப்படி நம் தெருவுக்கு வந்து சேர்ந்தவர் அவர். ஒரு தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கிற கலையை இப்போது எங்கே போய்க் கற்பது? அவரிடம்தான் கற்க வேண்டும். அவரிடம் நாம் கேட்கிற கேள்வி: "எப்ப சார் ஸ்டேஜ் ஏத்துவீங்க?"

மயிலாப்பூரில் சாய் லாட்ஜில் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு பாடம் நடத்திய தன்ராஜ் மாஸ்டரை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா மேற்கத்திய இசையைப் படித்தது அவரிடம். சிறு பிள்ளையாக இருந்தபோது ரஹ்மானும் அவரிடம் படித்திருக்கிறார். தமிழ் சினிமாப் பாட்டின் இரண்டு காலங்கள் அந்த அறை வழியாகப் போயிருக்கின்றன. அந்த மாணவர்களின் பெயர் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. மாஸ்டரின் பெயர் தெரிந்த வீடு எத்தனை? இசை சொல்லிக்கொடுப்பவர்களை நாம் காலங்காலமாக இப்படித்தான் நடத்தி வருகிறோம். நம் மாடியிலும் அதுவே நடக்கிறது.

அவர்கள் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததும் ஒரு காரணம். கீபோர்டு மாஸ்டர் ஒரு வகுப்பில் வெகுநேரம் பிள்ளைகளைக் கீபோர்டைத் தொடவே விடவில்லை என்று போன மாதம் புகார் போனது. "காசு கட்டி அனுப்பறோம், சும்மா ஒக்கார வெக்கிறாரு" என்று ஒரு அம்மா அலுவலகத்தில் சத்தம் போட்டார். அந்த வகுப்பை நான் கதவோரம் நின்று பார்த்தேன். மாஸ்டர் ஃபேனை நிறுத்தினார், லைட்டை நிறுத்தினார், பிள்ளைகளைக் கண் மூடச் சொன்னார். தெருச் சத்தம் ஒவ்வொன்றாகப் பிரிய ஆரம்பித்தது. குழாயடி, ஆட்டோ, தூரத்தில் ரயில். எல்லாவற்றுக்கும் அடியில் விடாமல் ஒரு ரீங்காரம். "அது என்ன?" என்றார். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் என்று ஒரு பையன் கண்டுபிடித்தான். "அதே சுருதியில வாயை மூடிட்டு இழு" என்றார். பன்னிரண்டு பிள்ளைகளும் "ம்ம்ம்" என்று இழுத்தார்கள். ஆளுக்கொரு பக்கமாக ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஒரே இடத்தில் வந்து சேர்ந்தார்கள். அப்புறம்தான் கீபோர்டைத் திறந்து, அது எந்தக் கட்டையில் இருக்கிறது என்று தேடச் சொன்னார். ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில், ஜி-க்குப் பக்கத்தில் நிற்கிறது என்று ஒரு சிறுமி சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு வயது ஒன்பது.

அவள் சொன்னது சரி. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. அதனால் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு நொடிக்கு 100 முறை அதிர்கிறது. கீபோர்டில் அந்த ஜி 98ல் இருக்கிறது. அந்தச் சின்ன இடைவெளியை ஒன்பது வயதுக் காது பிடித்துவிட்டது. இனி அவள் எந்த மேடையில் ஸ்பீக்கர் அந்த மாதிரி இரைந்தாலும், கரண்ட் லைனிலிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவாள். அது அவளுக்குப் பாட்டுப் பாடமும் ஆயிற்று, ஒலிப்பதிவுப் பாடமும் ஆயிற்று, பிசிக்ஸும் ஆயிற்று. இதைத்தான் சும்மா உட்கார வைக்கிறார் என்று நாம் எழுதிக் கொடுத்தோம். அன்றிலிருந்து மாஸ்டர் முதல் நிமிஷத்திலிருந்தே கீபோர்டைத் திறந்து வைத்துவிடுகிறார். நாம் எட்டிப் பார்த்தால் விரல் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே, அதற்காக.

கிரேடு பைத்தியம் வேறு. லண்டன் டிரினிட்டி தேர்வைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒழுங்காகப் படித்தால் அது நல்ல படிப்பு. அந்தத் தேர்வின் கணக்கைப் பாருங்கள். கிளாசிக்கல் பிரிவில் மொத்தம் 100 மதிப்பெண். மூன்று உருப்படிகளுக்கு 66, ஸ்கேல் முதலான பயிற்சிகளுக்கு 14, மீதி 20 இரண்டு துணைத் தேர்வுகளுக்கு. பார்த்த தாளை அப்படியே வாசிப்பது, காதால் கேட்டுச் சொல்வது, அந்த இடத்திலேயே புதிதாக வாசிப்பது எல்லாம் அந்த 20க்குள் வருகின்றன. 60 எடுத்தால் பாஸ், 75க்கு மெரிட், 87க்கு டிஸ்டிங்ஷன். 66 என்ற எண் நம் கண்ணில் பட்ட நாளிலிருந்து, வருஷம் முழுக்க மூன்றே மூன்று உருப்படியை வைத்துக்கொண்டு பிள்ளையைத் தேய்க்கிறோம். ஐந்தாவது கிரேடு முடித்த பிள்ளை தங்கச்சியின் பிறந்த நாளுக்கு ஒரு பாட்டைக் காதால் கேட்டு வாசிக்கத் திணறுகிறது. மாஸ்டர் அந்த 20 மதிப்பெண் பக்கம் திரும்பினால், "போர்ஷன் முடிக்கலையா சார்?" என்கிறோம். தேர்வுக் கட்டணத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் மறுபேச்சில்லாமல் கட்டுகிறோம். மாதாமாதம் மாஸ்டருக்குப் போகிற ஃபீஸில் மட்டும், "ரெண்டு கிளாஸ் லீவு போயிடுச்சே, கழிச்சிக்குங்க" என்று பேரம் பேசுகிறோம்.

ரெக்கார்டிங் மிஸ்ஸை நாம் படுத்துகிற பாடு இதைவிட மோசம். அவர் ஒலிப்பதிவைக் கல்லூரியில் முறையாகப் படித்தவர். இரவில் சீரியலுக்கு டப்பிங் பதிவு, மிக்ஸிங் வேலை. சனி, ஞாயிறு நம் பிள்ளைகளுக்கு. பள்ளியிடம் இருப்பது ஒரு பழைய கம்ப்யூட்டர், அதனால் தன் லேப்டாப், தன் இன்டர்ஃபேஸ், தன் இரண்டு மைக் எல்லாவற்றையும் முதுகுப் பையில் போட்டு ஸ்கூட்டியில் கொண்டு வருகிறார். மழை நாளில் பையை பாலிதீன் கவரில் சுற்றி, தான் நனைந்துகொண்டு வந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் அவரிடம் ஒரு அப்பா கேட்டார்: "மெஷின் சைடுக்கு சார் யாரும் இல்லையா?" இன்னொருவர், "இவங்களுக்கு வயரிங் எல்லாம் தெரியுமா?" என்று ஆபீஸில் விசாரித்தார். பக்கத்தில் நின்ற பெண் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகளும் அங்கேதான் நின்றாள். மிக்ஸர் முன்னால் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்த பிள்ளைகளுக்கு, அந்த இடம் உனக்கு இல்லை என்று நம் வாயாலேயே சொல்லி அனுப்புகிறோம். எவ்வளவு பெரிய அநியாயம்!

அவர் முதல் பாடமாக மீட்டரைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார். டிஜிட்டல் பதிவுக்கு ஒரு கூரை உண்டு, அதற்கு மேல் இடமில்லை. குரல் அந்தக் கூரையைத் தாண்டினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரவென்று ஆகிவிடும். வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான், சரிசெய்கிறேன் என்று எந்தச் சாஃப்ட்வேர் ஒட்டுப் போட்டாலும் பாடினது அப்படியே திரும்பி வராது. அதனால் கூரைக்குக் கீழே தாராளமாக இடம் விட்டுப் பதிவு செய்யுங்கள், சத்தத்தை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்கிறார். பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் புரிந்துவிட்டது. நாம்தான் வீட்டில் ஃபைலைக் கேட்டுவிட்டு, "என்ன, சவுண்டே இல்ல, கடைக்காரன் போட்டுத் தர்ற பாட்டு எப்படி அதிருது" என்று அவருக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறோம்.

சத்தத்தைப் பற்றி இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று பாதுகாப்பான எல்லை வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கு 80. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். மிஸ் ஹெட்போன் வால்யூம் பட்டனில் ஒரு கோடு போட்டு டேப் ஒட்டியிருக்கிறார், அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. வகுப்பு முடிந்து கீழே வந்ததும் பிள்ளையின் காதில் நாம் வாங்கிக் கொடுத்த பேஸ் அடிக்கிற இயர்போன். உள்காதில் செத்த மயிரிழைச் செல் மறுபடி முளைக்காது. அவர் வாரம் இரண்டு மணி நேரம் காப்பாற்றுகிற காதை மீதி நாளெல்லாம் நாம் கெடுக்கிறோம்.

ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகள் பாடினதைப் பதிவு செய்தபோது நடந்ததை எல்லோரும் மறந்திருப்பீர்கள். சுருதி கொஞ்சம் இறங்கிய இடங்களை மென்பொருளால் இழுத்து நேராக்கித் தரச் சொல்லி ஏழெட்டுப் பேர் மிஸ்ஸைச் சுற்றி நின்றோம். "ஸ்டேட்டஸ் வெக்கணும் மிஸ், சொந்தக்காரங்க எல்லாம் கேப்பாங்க." அவர் மாட்டேன் என்றார். குழந்தை தன் குரலை இருக்கிறபடி கேட்க வேண்டும், எங்கே இறங்கியது என்று அவளே கண்டுபிடித்து மறுபடி பாட வேண்டும், நானே திருத்திக் கொடுத்தால் அவளுக்கு எதுவும் பிடிபடாது என்று பொறுமையாகச் சொன்னார். வீட்டுப்பாட நோட்டில் டீச்சர் திருத்தியதை அழித்துவிட்டு எல்லாம் சரி என்று நாமே டிக் போடுவோமா? அதைத்தான் அவரிடம் கேட்டோம். "ரொம்பத் திமிர்" என்று அவருக்குப் பெயரும் வைத்தோம். அந்தப் பதிவிலிருந்து தன் குரலைக் கேட்டுக்கேட்டு, சரணத்தில் மூச்சு தீர்கிற இடத்தைக் கண்டுபிடித்து, மூச்சை முன்னாலேயே எடுக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

இப்போது எனக்குச் சொல்லக் கஷ்டமாக இருக்கிற விஷயம். பறை வகுப்பு. ஆரம்பித்த மாதம் பதினைந்து பிள்ளைகள் சேர்ந்தார்கள், இப்போது ஆறு பேர். நிறுத்தியவர்கள் யாரும் காரணத்தை ஆபீஸில் எழுதிக் கொடுக்கவில்லை. "நேரம் ஒத்து வரல" என்றார்கள். மாடிப்படியில் பேசினது வேறு. "கீபோர்டுக்குத்தான அனுப்பினோம், இதெல்லாம் எதுக்கு, சாவு மேளம்." அந்தப் பறை மாஸ்டர் பிள்ளைகளை எப்படி நடத்துகிறார் என்று பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். மொட்டை மாடியில் காகிதமும் சருகும் போட்டுச் சின்னதாகத் தீ மூட்டி, தோலை அனலில் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார். ஒவ்வொரு திருப்பலுக்கும் விரலால் ஒரு தட்டு. தொங்கிக் கிடந்த சத்தம் ஏறி ஏறி வந்து, ஒரு இடத்தில் கணீரென்று நிற்கிறது. "போதும், இதுக்கு மேல காட்டினா கிழிஞ்சிடும்" என்று எடுத்துவிடுகிறார். தோல், சூடு, இழுவிசை, சுருதி. நம் பிள்ளைகள் வாங்குகிற எந்த எலக்ட்ரானிக் பேடிலும் இந்தப் படிப்பு கிடையாது. 2017ல் தொடங்கிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவில் கானாவும் பறையும் கிட்டாரும் ராப்பும் ஒரே மேடையில் நின்றன. சென்னை கூடிக் கேட்டது. அதில் பாடியவர்களில் பலர் இந்த வட சென்னைத் தெருக்களில் வளர்ந்தவர்கள். நம் தெருவின் இசையைக் கேட்க ஊரே வருகிறபோது, நம் பிள்ளையை மட்டும் அதிலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறோம். சாதியை வீட்டில் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த வகுப்பிலிருந்து பிள்ளையை நிறுத்தியபோது சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள்.

அந்தப் பறையைப் பதிவு செய்ய மிஸ் எடுத்துக்கொண்ட சிரத்தையையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் மைக் வைத்தால் அடியின் வேகத்தில் பதிவு உடைந்துவிடும், தூரம் போனால் அறையின் எதிரொலிதான் கேட்கும். அவர் பிள்ளைகளை ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மாஸ்டர் வாசிக்கிறபோது அறைக்குள் நடக்கச் சொன்னார். எங்கே அடிக்குச்சியின் கனமும் சிண்டுக்குச்சியின் நறுக்கும் இரண்டும் சமமாகக் கேட்கிறதோ அங்கே நில் என்றார். ஆறு பேரில் நாலு பேர் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். மைக் ஸ்டாண்டை அங்கே வைத்தார். காதை வைத்து மைக்குக்கு இடம் கண்டுபிடிக்கிற வித்தை யூடியூபில் பார்த்து வருவதில்லை, ஒரு ஆள் கூட நடந்தால்தான் வரும்.

பிள்ளைகள் சேர்ந்து ஒரு பாட்டு செய்தார்கள். ஒருத்தி வரி எழுதினாள், ஒருவன் மெட்டுப் போட்டான், மூன்று பேர் வாசித்தார்கள், இரண்டு பேர் பதிவு செய்தார்கள். மிஸ் அவர்களை உட்கார வைத்து, யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று ஒரு தாளில் எழுத வைத்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை எழுதி வாங்கிப் பறிக்க முடியாது என்று 2012ல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன் எத்தனையோ கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு மொத்தத்தையும் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்தக் கதையைச் சொல்லி, கூட உழைத்தவன் பெயரை விடக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பழக்கினார். மறுநாளே அந்தப் பாட்டு இணையத்தில் ஏறியது, ஒரே ஒரு பிள்ளையின் பெயரோடும் படத்தோடும். ஏற்றியது அந்தப் பிள்ளையின் பெற்றோர். பெயரை நான் சொல்லப்போவதில்லை, அவர்களுக்குத் தெரியும். வரி எழுதிய சிறுமி இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. ஆசிரியர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுத்ததை நாம் ஒரு நிமிஷத்தில் துடைத்துப் போட்டோம். இன்றைக்குள் மற்றப் பெயர்களையும் சேர்த்துவிடுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

"இதெல்லாம் படிச்சு என்ன ஆகப்போகுது" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நீளமான பதில் இல்லை. ரஹ்மானின் பாட்டுகள் எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படிக் கேட்டதில் பெரும் பங்கு ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதருடையது. 2008ல் இறக்கும்வரை தேசிய விருதுகள் பல வாங்கியவர். ரசூல் பூக்குட்டி ஆஸ்கர் வாங்கியது ஒலிக்காகத்தான். தரமணி அரசு திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. ஆனால் பிள்ளை அந்தப் பக்கம் போனாலும் போகாவிட்டாலும் மாஸ்டரின் வேலைக்கு மதிப்பு ஒன்றுதான். நம் பிள்ளைகள் ஒரு சத்தத்தை நின்று கேட்கிறார்கள், தப்பைத் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள், கூட இருப்பவன் வாசித்து முடிக்கும்வரை பொறுக்கிறார்கள். இதை வேறு யார் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

அதனால் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது என்றால் வகுப்பைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். வாரம் ஒரு மணி நேரம் போதும், விரலும் காதும் மறக்காமல் இருக்கும். ஊருக்குப் போகிற மே மாதத்துக்கும் ஃபீஸ் கட்டுங்கள். முடியாத வீடுகள் சில இருக்கின்றன, எனக்குத் தெரியும். முடிந்தவர்கள் சேர்ந்து ஒரு சின்ன நிதி வைத்தால் அந்தப் பிள்ளைகளின் ஃபீஸும் மாஸ்டர்களுக்குப் போய்ச் சேரும். இதைப் பற்றி அலுவலகத்தில் பேசிவிட்டேன், அவர்களுக்குச் சம்மதம். கிட்டார் மாஸ்டரையும் பார்த்துப் பேசினேன். ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கும் குறைந்தது பத்துப் பிள்ளைகள் உறுதி என்றால் திரும்பி வருகிறேன் என்றார். இதுவரை ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் மூன்று பேர் வேண்டும்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் பறையும் கோரஸும் பதிவு செய்கிறார்கள். விட்டுவிட்டுப் போக வருகிறவர்கள் வண்டியைத் தெருமுனையிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வாருங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், மாடிப்படியில் நின்று பேசாதீர்கள். பெயர் கொடுக்கிறவர்கள் கீழே அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகலாம்.